கல் என்று சொன்ன வருத்தம்

புரொஸ்டேட் புற்றுநோயைத் தரம் பிரிப்பார்கள். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு, ஊசியால் எடுத்த சதை எவ்வளவு மோசம், சுரப்பியைத் தாண்டிப் பரவியதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்துக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்பார்கள். எனக்குக் குறைவு.

"உடனை வெட்டத் தேவையில்லை, பாத்துக்கொண்டு இருப்பம். தம்பி இருக்கிறார் எண்டால் அவரையும் ஒருக்கால் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர். நன்றாகத் தலையாட்டினேன்.

அப்போது மகளுக்கு அச்சுவேலியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தகப்பனுக்குப் புற்றுநோய் என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் பரம்பரையையே கிளறுவார்கள். சிறுநீரகத்தில் கல் என்று ஊருக்குச் சொன்னேன். தம்பிக்கும் அதையேதான் சொன்னேன். அவனுக்கு ஓட்டைவாய் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்துக்கொண்டேன்.

பாவி, அப்படியே நம்பினான். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகும் வழியில், தன் தோட்டத்து வாழைத்தண்டை இடித்துப் பிழிந்த சாற்றைப் போத்தலில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை என் வீட்டு வாசல் படலையடியில் நிற்பான்.

"கல்லுக் கரையும் அண்ணை, மிச்சம் வையாதேங்கோ."

முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தேன். கலியாணம் குறையில்லாமல் நடந்தது. பந்தியில் ஓடியோடிப் பரிமாறியவன் அவன்தான். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பானே என்ற வெட்கத்தில் நாளைக் கடத்தினேன்.

இந்த வருடம் அவனுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்தது. மூட்டை தூக்கியதால் என்றான். எனக்கு அன்று டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வற்புறுத்திச் சோதிக்க வைத்தேன். முடிவு சொல்லும் நாளில் நானும் கூடப் போனேன். இவர் வேறு டொக்டர். மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்கி, எலும்பிலும் இறங்கியிருக்கிறது, ஆபத்து அதிகம் என்றார். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் இல்லை டொக்டர். அண்ணைக்குக்கூட கல்லு மட்டுந்தான்" என்றான் தம்பி.

"எனக்கு இருக்கு டொக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டொக்டர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

வெளியே மோட்டார் சைக்கிளடியில் அவன் திறப்பைப் பூட்டில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"வாய் திறந்து என்னைப் பேசடா" என்றேன். அவன் திட்டினால் கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் கிளினிக்குக்குத் தனியவோ அண்ணை போய்வந்தனீங்கள்?" என்றான். "சொல்லியிருந்தால் நான் கூட வந்திருப்பனே."