பித்தம் என்று நினைத்தேன்

எங்கள் சிதம்பரத்தில் ஏறுவதற்கென்று இருக்கிற உயரம் ரயில்வே மேம்பாலம்தான். அப்படிப்பட்ட ஊர்க்காரன், மணாலியில் வந்து இறங்கிய மறுநாளே அக்கா புருஷனையும் இழுத்துக்கொண்டு மலையேறினேன். மேலே பனி உருகித் தேங்கும் ஏரி ஒன்று இருக்கிறது, ஒரே பகலில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைப்பு. கொழுப்புதான், வேறென்ன.

அவர்கள் ஊரான கடலூரில் பஸ் ஏற்றிவிடும்போது அக்கா ஒன்றுதான் சொன்னாள். "வலிச்சாக்கூட ஒங்க மாமா வாயத் தொறக்க மாட்டாரு. நீதான் மூஞ்சியப் பாத்து நடந்துக்கணும்."

பாதி வழியிலேயே மாமாவின் முகம் வெளுத்திருந்தது. ஏரிக்கரையை அடைந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் பயப்படவே இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி மூன்றும் சேர்ந்து வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பித்தம். அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை அவர் நாக்கில் தடவினேன். "வெறும் வயித்துல ஏறுனீங்கல்ல மாமா, பித்தம்தான். சித்த நேரம் படுங்க, சரியாப் பூடும்" என்று என் ஜெர்கினைப் போர்த்திப் படுக்கவைத்தேன். பிறகு ஒரு மணி நேரம் ஏரியைப் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோக்களை இன்றுவரை திறக்கவில்லை.

எழுப்பியபோது உட்கார்ந்து பனியையே பார்த்தார். "மச்சான், கடலூர் பஸ் வந்துடுச்சா?"

விளையாடுகிறார் என்று சிரித்தேன். மறுபடியும் அதையே கேட்டார். நிற்கவைத்தால் குடித்தவர் மாதிரி கால் பின்னியது. யாராவது வாங்க என்று கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து, மாமாவைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். பாஷை புரியவில்லை, கீழே காட்டிய கை புரிந்தது. மூச்சுக்காற்று குறைந்த அந்த உயரம் ஆளைக் கொல்லும், இறங்குவதுதான் மருந்து. நான் அங்கேயே தூங்கவைத்திருக்கிறேன்.

ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறங்கினோம். வழுக்கினோம், விழுந்தோம். "நான் யாரு சொல்லுங்க மாமா, யாரு சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன். கும்பிடாத சாமி இல்லை. அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. மரங்கள் தொடங்கும் இடத்துக்கு வந்தபோது, "கத்தாதடா மச்சான், காது வலிக்குது" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள். மாமா மாஸ்க்கை நகர்த்திவிட்டு ஸ்பீக்கரில் பேசினார்.

"ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லடி, லேசா பித்தம்."

"தம்பி ஒழுங்கா பாத்துக்கிட்டானா?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். "பாத்துக்கிட்டான்" என்றார்.