கணக்குப் பரீட்சையன்று ஒரு செமிஃபைனல்

கேரளத்தில் அதைச் செவன்ஸ் என்பார்கள். அணிக்கு ஏழு பேர். ஐப்பசியில் தொடங்கி சித்திரை முடியும்வரை தினம் ஓர் ஊர், மேட்சுக்கு இவ்வளவு என்று கையில் காசு. ஆடாத நாளுக்குக் காசில்லை, கால் வீங்கிக் கிடந்தாலும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கச்சிராயபாளையத்திலிருந்து நான் போனது அந்தக் கால்பந்துக்குத்தான். பத்து சீசன் ஆடினேன். பத்திலும் ஒரே பயம்: ஒரு நாள் நான் உட்கார்ந்தால் என் இடத்தில் ஒருத்தன் வந்து நிற்பான், அப்புறம் நகரமாட்டான்.

இருபத்தாறு வயதில், சென்னையில் ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுத்தார்கள். கால் ஓய்ந்த பிறகும் மேசை போட்டு, அறுபது வயதுவரை சம்பளம் கொடுக்கும் வேலை. தேர்வு ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டேன். அந்த அணியின் கோச் முதுகில் தட்டி, "டென்த் மார்க் ஷீட் எங்கப்பா?" என்றார்.

இல்லை என்றேன்.

"ஏப்ரல்ல தனியா எழுதிடு. ரிசல்ட் வர்ற வரைக்கும் எடத்தப் புடிச்சி வெக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

சீசன் நடுவில் லீவு சொல்லிவிட்டு வந்து, கள்ளக்குறிச்சியில் முட்டி இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து தமிழும் இங்கிலீசும் எழுதினேன். கணக்குக்கு முந்தின நாள், எங்களைக் கேரளத்துக்குக் கூட்டிப்போகும் ஏஜென்ட் போன் செய்தார்.

"எங்கடா கீற? நாளிக்கு செமிஃபைனல்."

"பரீட்சைண்ணே."

"இன்னா பரீட்சை?"

"கணக்கு."

சிரித்தார். "கணக்கு நான் சொல்லித் தரேன் வா. இந்த மேட்சுக்கு டபுள் காசு. வர்லன்னா வெளிநாட்டுக்காரன் ஒர்த்தன் ரெடியா கீறான்."

"ஒரு நாளு அவன்தான் ஆடட்டுமே. எழுதிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

எழுதினாலும் கணக்கில் தேறுவேனா? தேறினாலும் கோச் வாக்கைக் காப்பாற்றுவாரா? இரண்டும் போய், செவன்ஸும் போய்விட்டால்? இப்படியே யோசித்து, விடிவதற்குள் சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஜெயித்தோம். இரண்டு கோலும் என்னுடையவை. ஆட்டம் பார்க்க வந்தவர்கள் இறங்கி வந்து ஜெர்ஸியில் ரூபாய் நோட்டுகளைக் குத்தினார்கள். ஒரு குண்டூசி நெஞ்சில் ஏறியது. அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே நாளில் அவ்வளவு காசை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வைகாசி தாண்டுவதற்குள் அது தீர்ந்தது.

ரிசல்ட் வந்ததும் கோச்சுக்குப் போன் செய்தேன். கணக்கு எழுதப் போகவில்லை என்றேன்.

"ஆப்சென்ட்டா? ஃபெயிலுன்னாகூட மேல பேசிப் பாத்திருப்பேன். நீ போவவே இல்லியேப்பா."

துணைத் தேர்வு எழுதினேன். கணக்கில் நாற்பத்தொன்று. நான் அவ்வளவு பயந்த பாடம் அது. மார்க் ஷீட் கைக்கு வருவதற்குள் அங்கே வேறு ஆளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஐப்பசியில் ஏஜென்ட் கூப்பிட்டார்.

"பாஸாமே? ஊரே பேசிக்கினு கீது! சரி, இந்த வருசம் மேட்சுக்கு ஐந்நூறு கம்மி. வயசு ஏறுதில்ல?"

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேரம் பேசவில்லை. "எப்பண்ணே கெளம்பணும்?" என்றேன்.