எஞ்சின் சத்தத்துக்கு மேலால்

முதல் நாள் ஒலிப்பதிவில் என்னுடைய ஒரு வசனத்தையே பன்னிரண்டு தடவை எடுத்தார்கள். பன்னிரண்டும் பயன்படவில்லை.

நல்லூரில் ஒரு வீட்டின் பின்னறைதான் ஒலிப்பதிவுக்கூடம். சுவரெல்லாம் மெத்தை அடித்து, நடுவே ஒரு கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். கைபேசியில் கேட்கும் தொடர் நாடகம் ஒன்றில் மீனவன் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். நான் கடலோரக் குருநகர்ப் பெடியன், கடல் தெரிந்தவன், உயர்தரம் வரை படித்தவன். எங்கள் வீட்டில் அந்த வகுப்புவரை போனவன் நான் ஒருவன்தான். ஆகவே எழுதியதை வாசிக்க எனக்குப் பயமே இருக்கவில்லை.

வசனமும் சின்னது. கடலில் காற்று மாறும் நேரம், மீனவன் தன் கூட்டாளியிடம் சொல்கிறான்: "கயித்தை விட்டிடாதை. காத்து மாறுது. கரைக்குத் திருப்பு."

நான் சொல்லி முடித்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பதிவுசெய்த அண்ணை ஹெட்போனைக் கழற்றினார். "தம்பி, உம்மடை சொல்லிலை மீன்ரை நடுத்துண்டு மாதிரி நடு மட்டும்தான் வருது. தலையும் வாலும் எங்கை?"

நாடகத்தை இயக்கிய அக்கா சிரிக்கவில்லை. பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டினார். கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆ என்றும் ஐ என்றும் இழுத்த ஓசைகள் மட்டும் நீண்டு கிடந்தன. அவற்றைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துகளைக் காணவில்லை.

"நீர் ஆரோடை சண்டை பிடிக்கிறீர்?" என்று அக்கா கேட்டார். "எஞ்சின் சத்தத்தை நாங்கள் பிறகு சேர்ப்பம். இப்ப இந்த அறைக்கை எஞ்சின் இல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படகில் எஞ்சினை இயக்கிவிட்டால் பின்னால் நிற்பவர் சொல்வது முன்னால் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் சொல்லை இழுப்போம். இழுத்த ஓசைதான் சத்தத்தைத் தாண்டிப் போகும், மற்றதைப் பழக்கத்தில் ஊகித்துக்கொள்வோம். கரையேறிய பிறகும் அதே கதைதான். எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று நின்று அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. அவருக்காக வீட்டில் எல்லோரும் கத்தினோம். பள்ளிக்கூடத்தில் என் எழுத்தைத் திருத்தினார்கள், வாயை யாரும் சோதிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைவரை தவணை தந்தார் அக்கா. அன்றைக்கும் சொல் தெளியாவிட்டால் அந்தப் பாத்திரத்தை விவாதப் போட்டிகளில் பரிசு வாங்கிய ஒரு நல்லூர்ப் பெடியனுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்பதை மறைக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் படகில் கால் வைக்காத ஒருவன் எங்களுடைய ஆளாகக் கதைப்பதை நினைக்க நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா ஒரு பயிற்சியும் தந்துவிட்டார். குரலே எழுப்பாமல் வசனத்தைக் குசுகுசுக்க வேண்டும். குரல் இல்லாவிட்டால் உதடும் நாக்கும்தான் வேலை செய்தாக வேண்டும்.

அன்று பின்னேரம் அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, தாளைப் பார்த்துக் குசுகுசுத்தேன். வேறொருவர் பக்கத்தில் இருந்தால் கூச்சப்பட்டிருப்பேன், அவருக்குத்தான் கேட்காதே.

ஐந்தாறு தடவை சொல்லியிருப்பேன். அப்பா ஊசியை நிறுத்தினார்.

"எந்தக் கயித்தை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் கதைக்கிறது விளங்குதோ அப்பா?" என்று அப்படியே குரல் இல்லாமல் கேட்டேன்.

"ஓம் மோனை. வாயைப் பாக்க விளங்குது. நீங்கள் கத்தேக்கை வாய் முழுக்க ஒரே ஓட்டையாத்தான் கிடக்கும். உதிலை என்னத்தைப் பாக்கிறது?"

குசினி வாசலில் நின்ற அம்மாவிடம் இதைச் சொன்னேன். இருபது வருசமாகத் தொண்டை கிழியக் கத்தியது வீணா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா வலையைப் பார்த்தபடி, "அவ என்னவாம்?" என்று என்னிடம் கேட்டார். அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்க்க, நான் குசுகுசுத்தேன். "வீண் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் எனக்குப் பழைய ஒன்று நினைவுக்கு வந்து நெருடியது. என் பத்தாம் வகுப்பில் ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு என் படிப்பைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். படிக்காத மனிதர், பணிவில் தலையாட்டுகிறார் என்று நினைத்து நான் கூசி நின்றேன். ஆசிரியை அப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கதைத்தாரோ என்னவோ. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கியிராது. எனக்கு அவமானம் வந்துவிடக்கூடாது என்றுதான் ஓம் போட்டிருக்கிறார்.

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் இருவரும் பழகினோம். விளங்காவிட்டால் அவர் கையை ஆட்டுவார், நான் திரும்பச் சொல்வேன். இனி எனக்கு ஓம் போடக்கூடாது என்று கேட்டிருந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைச் சேர்த்தேன். குரல் ஏறியதும் உதடு சோம்பிவிடும், உடனே அவர் கை ஆடும். வெள்ளிக்கிழமை ஒரு தடவைகூட ஆடவில்லை.

சனிக்கிழமை அந்த விவாதப் பெடியனும் வந்திருந்தான். நல்ல பிள்ளை. கயிறு பிடிப்பவன் குந்தியிருப்பானா நிற்பானா என்று என்னிடமே கேட்டான், நானும் எழுந்து நின்று காட்டினேன்.

மைக் முன்னால் போனதும் முதல் தடவை பழையபடி கத்திவிட்டேன். கண்ணை மூடியிருந்தேன், காதுக்குள் எஞ்சின் ஓடியது. அக்கா மறுபடி எடுக்கச் சொன்னார்.

முகத்தை மறைத்த மைக்கைக் கொஞ்சம் கீழே பதித்துவிடட்டா என்று கேட்டேன். பதித்ததும் கண்ணாடிக்குள்ளால் பதிவுசெய்யும் அண்ணையின் முகம் தெரிந்தது. ஹெட்போன் போட்டிருந்தாலும் அவருக்கு ஒன்றுமே கேட்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவருடைய கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வைத்து, அவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

"கயித்தை விட்டிடாதை. காத்து மாறுது. கரைக்குத் திருப்பு."

அண்ணை அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அந்தப் பெடியனிடம், "நீர் இவரின்ரை கூட்டாளியாக் கதையும்" என்று சொல்லி அவனையும் உள்ளே அனுப்பினார். பிறகு என்னிடம், "அடுத்த பக்கத்துக்குப் போவம்" என்றார்.

அடுத்த பக்கத்தை நான் ஒரு தடவைகூட வாசித்துப் பார்த்திருக்கவில்லை.