கிருஷ்ணகிரியிலிருந்து ஹெப்பகோடிக்கு: இரண்டு முகமூடிகள்

இந்த வலைப்பூவில் கோட்டைகளையும் அணைகளையும் பற்றித்தான் எழுதிவந்தேன். இது அப்படிப்பட்ட பயணம் அல்ல. ஆனாலும் புற்றுநோய் சிகிச்சைக்காக இதே சாலையில் வருகிறவர்கள் பலர் என்பதை ஹெப்பகோடிக்குப் பக்கத்து மருத்துவமனையில் பார்த்தேன். அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் தம்பி சேகருக்கு நாற்பத்து நான்கு வயது. மூளையில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து, ஒன்றேகால் வருடத்தில் அது திரும்ப வந்தது. பத்து முறை கதிர்வீச்சு, கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பெங்களூர் மருத்துவர் போனில் சொன்னார். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள்.

"இதுல எத்தனை பேர் பொழச்சிருக்காங்க டாக்டர்?"

"பொழைக்கிறதுன்னு நான் சொல்லலம்மா. சிலருக்குக் கொஞ்சம் நாள் கிடைக்கலாம். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது."

சேகர் சரி என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம், திங்கட்கிழமை காலை 5.40க்கு வாடகைக் காரில் கிளம்பினோம். 74 கிலோமீட்டர். ஓசூரில் காபிக்கு இருபது நிமிடம் போக, 7.35க்கு மருத்துவமனை வாசல். போகவர, காத்திருப்பு சேர்த்து 3,800 ரூபாய். ஏழு மணிக்குள் அத்திப்பள்ளியைத் தாண்டாவிட்டால் கம்பெனி வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் முகமூடி செய்தார்கள். வலைபோல் துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் மூக்கு, மோவாயோடு அது இறுகிவிடுகிறது. கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள்.

பிறகு மருத்துவர் உள்ளே அழைத்தார். "தலைவலிக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை தினம் எத்தனை?"

"ஒண்ணு," என்றேன். என் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அவர் சேகரின் உப்பிய முகத்தைப் பார்த்தார். "ஒரு மாத்திரை சாப்பிடுற முகமில்லையே இது."

உண்மைதான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்க முடியாமல், ஒரு மாதமாக நானே இரண்டாக்கி, சில நாள் மூன்றாகவும் கொடுத்திருந்தேன். ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால் நோட்டில் மட்டும் ஒன்று.

"வலிய அது கொறைக்கும்மா. ஆனா அதிகமானா எதிர்ப்பு சக்திய அமுக்கிடும். நாங்க எழுப்பப் பாக்கறத நீங்க தூங்க வெக்கிறீங்க."

திட்டவில்லை. அளவைப் படிப்படியாகக் குறைத்த பிறகே தொடங்க முடியும் என்றார். இரண்டரை வாரம் போயிற்று. அன்று டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் சேகர் சொன்னது: "புள்ளியியல் மேடத்துக்கே எண்ண வரல."

பிப்ரவரியில் ஹெப்பகோடியில் அறை எடுத்தோம். நாளுக்கு 1,400 ரூபாய். மருத்துவமனைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம், 60 ரூபாய். ஜனவரியில் எங்களை டாக்டர் அறையிலிருந்து மருந்துக் கடைக்கு அழைத்துப்போன உதவியாளர் முனிராஜே மருத்துவமனை வாசலில் எதிரே வந்தார். தருமபுரிக்காரர், இருபது வருடமாக இங்கே. சேகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், போன மாசம் குண்டா ஒருத்தர் வந்தாரே, அவரோட தம்பியா நீங்க?"

"அண்ணனுக்கு டூட்டி முடிஞ்சுது. இனி நான்தான்."

வீக்கம் வடிந்து அவன் பழைய முகம் திரும்பியிருந்தது. கன்னத்துக் குழி தெரிந்தது. அதில் எனக்கிருந்த சந்தோஷம் கதிர்வீச்சு அறை வாசல் வரைதான்.

"மாஸ்க் லூஸாயிடுச்சு மேடம். உள்ள தலை ஆடுது. வேற செய்யணும்," என்றார் தொழில்நுட்பப் பெண். புது முகமூடி, புது ஸ்கேன், மறுபடி கதிர்வீச்சுக் கணக்கீடு. இன்னும் நான்கு நாள். கட்டிக்கு அந்த நாட்களையும் நான்தான் கொடுத்தேன்.

அந்த நான்கு நாளும் ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு கிடந்தான். மாத்திரை அட்டை என் கைப்பையில் இருந்தது. கண்ணைத் திறக்காமலே, "பைய அந்தப் பக்கம் வை அக்கா," என்றான். இந்த முறை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வேறு வலி மருந்து சொன்னார்கள். கொஞ்சம் கேட்டது.

பத்தாவது கதிர்வீச்சு முடிந்த கடைசி நாள் இரண்டு முகமூடிகளையும் கொடுத்தார்கள். "குண்டன இங்கயே விட்டுடு," என்றான் சேகர். மற்றதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று முறை மருந்து ஏற்றியபின் எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் பெரிதாகியிருந்தது. மருந்தால் வந்த வீக்கமா, கட்டி வளர்ந்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. வலது கை தளர்ந்ததும் மருத்துவர்களே ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். ஜூலையில் சேகர் போய்விட்டான்.

மருந்துச் செலவு ஆளுக்கு ஆள் மாறும், எழுதவில்லை. தலைவழி கழற்ற வேண்டியிராத, பொத்தான் வைத்த சட்டை எடுத்துப்போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். கொடுத்ததைக் கொடுத்தபடி எழுதுங்கள். அந்த ஒரு மாதம் இல்லையென்றால் அவன் இருந்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அதை நம்புகிறேன்.

முகமூடி வேண்டுமா என்று கேட்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் சேகரின் முகம் மறுபடி ஊதிவிட்டது. சாவுக்கு வந்தவர்கள் பார்த்தது அதைத்தான். என் அலமாரியில் இருக்கும் முகமூடியில் கன்னம் ஒட்டியிருக்கிறது.