எடைமேடைக் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்ட நாள்

அன்றைக்கு எடைமேடை அறையில் இருந்தவர்கள்: முதலாளி அண்ணாச்சி, ரைஸ்மில் அவருடையது. அவருடைய மருமகள், வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர். அப்புறம் நான். எடை போடுவது என் வேலை. படிப்பு எட்டாவது.

மருமகள் வந்தது கம்ப்யூட்டரைப் பலப்படுத்த. லாரிக்காரர்கள் போனுக்கு சார்ஜ் ஏற்ற அதில்தான் வயரைச் சொருகுவார்கள். பாட்டு ஏற்ற பென்டிரைவும் சொருகுவார்கள். அப்படி எதுவோ உள்ளே போய், போன மாதத்து எடைச்சீட்டு எல்லாம் அழிந்துவிட்டது.

"கெர்னல்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றாள் என்னிடம். "எல்லாத்துக்கும் அடியில இருந்து வேலை வாங்குதது அதுதான். அதுல சும்மா தொறந்து கெடக்க வழியை எல்லாம் அடைக்கேன்."

"அடைங்கம்மா."

"கம்ப்யூட்டர் ஆன் ஆகி ஏறும்போது எது மாட்டியிருக்கோ அதை மட்டும் சேர்த்துக்கிடும். பொறவு எதை மாட்டுனாலும் சேர்க்காது. கடைசியா ஒரு பூட்டு போடுதேன். அதை நானே நெனச்சாலும் எடுக்க முடியாது. அணைச்சுத்தான் ஏத்தணும். இந்த வயரை மட்டும் கழத்திராதீங்க. கழத்தி மாட்டுனா இதுவும் புதுசுதான்."

அது எடை மீட்டரிலிருந்து வருகிற வயர். சரி என்றேன். புரியத்தான் செய்தது.

பூட்டைப் போட்டாள். விவசாயியின் டிராக்டர் மேடையில் ஏறியது. பிசானப் பருவத்து நெல், நன்றாகக் காய்ந்தது. மேலே தார்ப்பாய் இல்லை. அது களத்தில் மீதி நெல்லை மூடிக் கிடந்தது. மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

இடி இடித்தது. நான் வயரைப் பிடுங்கினேன்.

காரணம் உண்டு. முன்பு ஒரு தடவை இடி விழுந்து மீட்டர் கருகிப்போனது. முதலாளி அன்று பேசிய பேச்சுக்குப் பிறகு, இடி என்றால் என் கை தானாகப் போகும். வீட்டிலும் அப்படித்தான். மிக்சி, டிவி, எல்லாம்.

திரும்ப மாட்டினேன். திரையில் எடை வரவில்லை.

"படிச்சுப் படிச்சு சொன்னேன்லா" என்றாள் மருமகள்.

"இடி" என்றேன்.

அணைத்து ஏற்றினாள். ஏற மூன்று நிமிடம் ஆகும். இரண்டாவது நிமிடத்தில் இன்னொரு இடி. பிடுங்கிவிட்டேன்.

"ஏன் வே, ஒம்ம கை ஒம்ம பேச்சைக் கேக்காதா?" என்றார் முதலாளி.

"நீங்க சொன்னதைக் கேக்குது."

விவசாயி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, எடை பொறவு பாப்போம். வண்டியை மொதல்ல செட்டுக்குள்ள விடும்."

"எடை போடாத நெல்லு கூரைக்குள்ள வரக் கூடாது. எங்க அப்பா காலத்துச் சட்டம் வே."

"நனைஞ்சா?"

"நனைஞ்ச நெல்லை எடுக்க மாட்டேன்."

"நாலு மாசப் பாடு அண்ணாச்சி."

"மாமா, கெர்னல் தேவலாம்" என்றாள் மருமகள். "அணைச்சு ஏத்துனா அதாவது கேக்கும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் மாறவில்லை.

வயரை மாட்டி மறுபடி அணைத்து ஏற்றினாள். "அண்ணாச்சி, நீங்க செத்த வெளிய நில்லுங்க" என்றாள் என்னிடம்.

"வெளிய விடாதீங்கம்மா" என்றார் விவசாயி. "அங்கன மெயின் சுவிட்ச் இருக்கு."

வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அரிவாள் பிடித்த கை. வலித்தது. தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. டிராக்டர் டிரைவர் ஹாரன் அடித்தான்.

இடி இடித்தது. பெரிய இடி. என் தோள் வயர் பக்கம் போனது. அவர் விடவில்லை.

"பைய மூச்சு விடும் வே" என்றார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

திரை வந்தது. மீட்டரைச் சேர்த்துக்கொண்டது. மருமகள் சீட்டை அடித்தாள். டிராக்டர் செட்டுக்குள் போய் நின்ற பிறகு மழை கொட்டியது. அதற்கப்புறம்தான் என் கையை விட்டார். சீட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து வாசித்தார்.

வண்டியோடு சேர்த்து 6,740 கிலோ.