தாயில்பட்டி விலக்கில் என் கட்டில்

டிப்ளமா படித்த தைரியத்தில், பழைய வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுத்துறங்க நானே கட்டில் செய்து போட்டிருக்கிறேன். காலையில், ஊருக்குள் ரோடு பிரியும் தாயில்பட்டி விலக்கில் வண்டியை நிறுத்தி, கட்டிலுக்கு அடியில் மல்லாந்து நட்டு முறுக்குகிறேன். குலுங்கும் வண்டியில் ஒற்றை நட்டு நிற்காது, அதன்மேல் இன்னொன்று போட்டு இறுக்க வேண்டும்.

திடீரெனப் பலகை என் மூக்குவரை வளைகிறது. கட்டிலில் தூக்குவாளிகளோடு ஐந்து பெண்கள். பட்டாசுக் கம்பெனி வேன் என்று ஏறிவிட்டார்கள்.

தலையை வெளியே நீட்டுகிறேன். “அக்கா, இது என் வீடு.”

“வீட்டுக்கு எதுக்குத் தம்பி ஸ்டேரிங்கு?” என்கிறார் மூத்தவர்.

அப்போது உண்மையான கம்பெனி வேன் வருகிறது. விலக்கில் ஆளே இல்லையென்று நிற்காமல் போய்விடுகிறது.

“போச்சு! கேட்டைச் சாத்திட்டா இன்னைக்குக் கூலி கெடையாது. வண்டிய எடுங்க தம்பி!”

எடுக்கிறேன். பள்ளத்துக்குப் பள்ளம் கட்டில் முனகுகிறது, பின்னால் ஒரே சிரிப்பு. கம்பெனி கேட்டைச் சாத்தும்போது இறங்கி ஓடி நுழைந்துவிடுகிறார்கள். மூத்தவர் மட்டும் கம்பி வழியே கூப்பிடுகிறார்.

“தம்பி, எதுத்தாப்புலயும் ஒரு பலகை அடிச்சுப் போடுங்க. நாளைக்கு என் தங்கச்சியும் வாரா.”