ஆறாவது சைஸ்

சேவூர்ப் பக்கம் குழந்தைகள் உடை தைக்கும் கம்பெனியின் முதலாளி குமரேசன் ஒரு காலை என்னைக் கைபேசியில் அழைத்தார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, நாம ஆறு சைஸா தைக்கறோமுங்க?"

"அஞ்சுதானுங்களே."

"வெப்சைட்ல ஆறு இருக்குதுங்க. சரக்கு வாங்க வந்த பையர் உள்ள உக்காந்துட்டு ஆறாவது சாம்பிளைக் காட்டுன்னு சொல்றாரு."

ஏஜென்ட் இல்லாமல் அவருக்கு நேரடியாக வரவிருந்த முதல் வெளிநாட்டு ஆர்டர் அது. அந்த ஆறாவது சைஸை உண்டாக்கியது நான். எனக்குப் பட்டன் கூடத் தைக்கத் தெரியாது.

திருப்பூர்க் கம்பெனிகளுக்கு இணையதளம் செய்வது என் தொழில். அப்போது எல்லாவற்றுக்கும் கிரிட் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல்தொகுப்புதான். அது பக்கத்தைப் பன்னிரண்டு காலங்களாக, அதாவது நெடுக்குப் பத்திகளாக, பிரித்துத் தரும். ஒரு படத்துக்கு மூன்று காலம், நான்கு காலம் என்று ஒதுக்கினால் போதும். கணினியில் வரிசையாக நிற்பவை கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாமே இறங்கிக்கொள்ளும். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மூன்று நாள் விளக்கிய இதை, "டஜன் பேக்கிங் மாதிரிங்களா?" என்று குமரேசன் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

நல்லது நிறைய உண்டு. அரை நாளில் பக்கம் எழுந்து நிற்கும். நான் லீவில் போனாலும் இன்னொருவர் என் நிரலைப் படித்துத் திருத்தலாம். கெட்டது, நாலு பெட்டி வேண்டிய இடத்துக்கும் ஃபிரேம்வொர்க்கின் மொத்தச் சுமையையும் ஏற்ற வேண்டும். எல்லாத் தளங்களும் ஒரே முகஜாடையில் பிறக்கும். ஒரு முதலாளி போட்டிக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, "லோகோவ மட்டும் ஏனுங்க மாத்துனீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

குமரேசனின் பேபி செட்டில் ஐந்து சைஸ். பன்னிரண்டை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். சைஸுக்கு இரண்டு காலம் கொடுத்தேன், வலது ஓரத்தில் இரண்டு காலம் காலி. பல் விழுந்த வாய்போல இருந்தது. நடுவுக்குத் தள்ள வழி உண்டு, ஆனால் மற்ற வரிசைகளோடு ஓரம் சேராது. அந்த ஓரம் எனக்கு உயிர். எனவே ஐந்தாவது படத்தையே நகலெடுத்து, "5-6 வயது" என்று எழுதி ஆறாவது பெட்டியாக வைத்தேன். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வரிசை நிறைந்து அழகாக இருந்ததால் மனம் வரவில்லை, அப்புறம் மறந்தே போனேன். குமரேசன் கைபேசியில்தான் பார்த்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் பெட்டிகளை யார் எண்ணுவார்கள்?

நான் போய்ச் சேர்ந்தபோது பையர் மடிக்கணினியைத் திறந்து வைத்து, இதில் இன்னும் எவையெல்லாம் இல்லாதவை என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் குமரேசன், "மை மிஸ்டேக் சார்" என்றார். பிறகு அந்த மடிக்கணினியோடு பையரைக் கட்டிங் டேபிளிலிருந்து பேக்கிங் வரை கூட்டிப்போய், தளத்தில் இருந்த ஒவ்வொரு உருப்படியையும் கையில் எடுத்துக் காட்டினார். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. ஆர்டர் வந்தது, பேசியதில் பாதி.

எனக்கு வெட்கமாக இருந்தது. "என்னோட தப்புன்னு சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"அடுத்தவிங்க மேல பழி போடறான்னு அந்தப் பாதியும் போயிருக்குமுங்க" என்று சிரித்தார்.

அங்கேயே உட்கார்ந்து அந்த வரிசையை மட்டும் ஃபிரேம்வொர்க் இல்லாமல், பிரவுசரிலேயே இருக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில் ஐந்து சம காலங்களாக எழுதினேன். நாலே வரிதான். ஃபிரேம்வொர்க்கை இன்றும் விடவில்லை, அதன்மேல் குற்றமும் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு காலம் தந்ததே தவிர, பன்னிரண்டையும் நிரப்பச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் சரக்கை எண்ணிய பிறகே காலத்தைப் பிரிக்கிறேன்.

வேலை முடிந்ததும் குமரேசனிடம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். கைபேசியில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணினார். பிறகும் கீழே தள்ளித் தள்ளி, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கடைசிவரை பார்த்தார். அதற்கு முன் அவருக்குத் தளம் பார்த்த ஏழு வருடத்தில் என் வேலையை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.